ஜிங்க் கட்டிக்கு அடித்த பிரைமர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை கற்றுக்கொடுப்பதாகக் கான்ட்ராக்டர் உங்களிடம் சொன்னது பொய். மற்றபடி கொச்சியில் நான் நலம்தான். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாரா?

இங்கே படகைக் கரையேற்றி, வழக்கமாகத் தண்ணீருக்கடியில் இருக்கும் புரொப்பெல்லர், சுக்கான் எல்லாவற்றையும் சுரண்டி பிரைமர் அடிக்கிறோம். அது காய்ந்த பிறகுதான் சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட். போன வாரம், மழைக்கு முன் நீங்கள் ஏர்க் கொழுவுக்கு எண்ணெய் தடவுவதுபோல ஓர் இடம் விடாமல் அடித்தேன். சுக்கானில் பொருத்தியிருந்த ஜிங்க் கட்டியையும் விடவில்லை. மேஸ்திரி சக்கரவர்த்தி, செங்கத்துக்காரர், ஓடி வந்தார்.

“இன்னாடா பண்ணி வச்சிக்கீற? உப்புத் தண்ணில இந்தக் கட்டி அரிச்சிப் போனாத்தான்டா மத்த இரும்பு நிக்கும், பெயிண்டால மூடிட்டா எப்டி அரிக்கும்?”

“யாருமே சொல்லலியேண்ணா.”

“சொல்றதுக்கு இங்க எவனுக்குடா நேரம்?”

இருவரும் சிரித்துவிட்டோம். அடித்ததை நானே சுரண்டி எடுத்தேன். முகமூடி கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். மூக்கில் துணிதான் கட்டிக்கொள்கிறேன். இருமல் கொஞ்சம்தான்.

சாமை அனுப்புங்கள். சேர்ந்து சாப்பிட ஆள் இல்லை, ஒரு கிலோ போதும்.

அடுத்த சந்தையன்று கான்ட்ராக்டர் நம் ஜமுனாமரத்தூருக்கு ஆள் எடுக்க வருகிறார். தம்பி வெற்றிவேல் பெயரை நீங்கள் கொடுத்திருப்பதாக மேஸ்திரி சொன்னார். அவன் பிளஸ் டூ முடிக்கட்டும். இதை இரண்டு கடிதத்தில் எழுதிவிட்டேன். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள்.

டீ நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். ‘வெற்றிவேல் பெயரை நீக்கிவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள் அப்பா.

சிவசங்கர்