பொன்னுத்துரை உயிருடன் இருக்கிறார்

நிலக்கோட்டை,
6.1.2025

நிருபர் கிளாரா அம்மாளுக்கு, மல்லிகைத் தோட்டத்துப் பொன்னுத்துரை கும்பிட்டு எழுதுவது.

நான் நலம்தான். உங்கள் பேப்பர்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூ வேன் கவிழ்ந்த செய்தியில் செத்தவன் என்று என் பெயரைப் போட்டுவிட்டீர்கள். அன்றைக்கு என் துண்டைப் போர்த்திக்கொண்டு வேனில் போனவன் வேறு ஆள். செய்தி வந்ததிலிருந்து பூ மார்க்கெட்டில் யாரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரி கருப்பம்மாள் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். போனும் உள்ளே கிடக்கிறது. நான் இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள் தாயி. பதிலை மார்க்கெட் டீக்கடை முகவரிக்கு அனுப்பினால் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் எழுத்தை நம்பியிருக்கும்,
பொன்னுத்துரை

திண்டுக்கல்,
10.1.2025

பொன்னுத்துரை அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற யாரோ சொன்ன பெயரை, வீட்டாரைக் கேட்காமல், மற்றவர்களை முந்தும் அவசரத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். திருத்தம் கேட்பது உங்கள் உரிமை, போடுவது எங்கள் கடமை. ஆனால் எங்கள் செய்தி ஆசிரியர், "ஆளை நேர்ல பாத்தியாம்மா?" என்கிறார். ஒரு நடை அலுவலகத்துக்கு வாருங்கள். இல்லாவிட்டால் நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

வருத்தத்துடன்,
கிளாரா

நிலக்கோட்டை,
17.1.2025

கிளாரா தாயிக்கு,

வந்தேனே! மாடிப்படி ஏறி உங்கள் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பச்சைச் சேலை கட்டியிருந்தீர்கள். "ஏசியக் கொஞ்சம் கொறைங்க, திடீர்னு குளிருது" என்று பக்கத்து ஆளிடம் சொன்னீர்கள். நிமிர்ந்து பார்க்கத்தான் இல்லை. உங்களைக் குறை சொல்லமாட்டேன். பேப்பரில் வரும்வரை என் கதி இதுதான் போலிருக்கிறது. வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள், கருப்பம்மாள் பயந்துவிடுவாள். திருத்தம் வந்தபிறகு நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

காத்திருக்கும்,
பொன்னுத்துரை

திண்டுக்கல்,
22.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்றைய பேப்பரைப் பாருங்கள். 'பொன்னுத்துரை உயிருடன் இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்' என்று போட்டாயிற்று. ஆசிரியர் மறுபடியும் கேட்டார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். ஆனால் அன்று நான் பச்சைச் சேலைதான் கட்டியிருந்தேன், அதற்குமேல் உங்களைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அண்ணியிடம் காட்டிவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். ஒரு குடும்பம் சேர்ந்தது என்ற நிம்மதியாவது எனக்குக் கிடைக்கட்டும்.

உங்கள் தங்கை,
கிளாரா

திண்டுக்கல்,
29.1.2025

ஐயா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நீங்கள் சொன்னதை மீறி அந்த வீட்டுக்குப் போனேன். கருப்பம்மாள் பேப்பரை என் முகத்தில் விட்டெறிந்தார். "மூஞ்சி செதஞ்சு போனா என்ன புள்ள, மம்பட்டி பட்டு நகம் பொளந்த கால் எனக்குத் தெரியாதா? எம் மகன்தானே கொள்ளி வச்சான்! நீ இத எழுதுன நாள்லருந்து கதவத் தட்டுது. பேப்பர்லயே போட்டாச்சு, தொறடின்னு அவரு கொரல்லயே கேக்குது" என்று அழுதார்.

முதலில் எழுதியதுதான் உண்மை. விசாரிக்காமல் எழுதியதால் நானே அதை நம்பாமல் போனேன். பிறகு விசாரிக்காமலே பொய்யையும் எழுதினேன். நீங்கள் யார்? எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தத் திருத்தம் தவறு என்று நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போனால் போகட்டும்.

கிளாரா

திண்டுக்கல்,
30.1.2025

கிளாரா தாயிக்கு,

அவசரப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள். கருப்பம்மாள் இனிக் கதவைத் திறக்கமாட்டாள் என்று எனக்கும் தெரிந்துபோயிற்று. அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளே என்னை இல்லை என்கிறாள், மனசு விட்டுப்போயிற்று. என்னைப் பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். பார்த்தவர் வீட்டில்தானே நான் இருக்க முடியும்?

சாயங்காலம் வாரேன். வெஞ்சனம் எதுவும் வைக்க வேண்டாம், சோறு போதும்.

உங்கள் அண்ணன்,
பொன்னுத்துரை