டேவிட் நட்ட மரம்

1943 பிப்ரவரி 6, சனி
வெயில் ஏறிவிட்டது. முற்றத்து மரத்தில் ஒரு இலை இல்லை. பெருக்கியதில் இரண்டு கூடை. மத்தியானம் எஸ்தர் சொன்னாள்: “பட்டுப்போச்சுங்க. நம்ம புள்ளைக்கும் என்னமோ ஆயிட்டு.”

மகன் டேவிட் நட்டது. சிங்கப்பூர் துறைமுகத்துக்குக் குமாஸ்தாவாகப் போன வருஷம், புதுக்கோட்டை ரோட்டோரத்தில் வேப்பங்கன்று என்று பிடுங்கி வந்தான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடிதம் இல்லை.

“வேம்பு இப்படி மொட்டையா நிக்குமா?” எஸ்தர் கேட்டாள். நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில் தாவரப் பாடம் நடத்துகிறவன் வீட்டில் இதுவரை யாரும் கேட்காதது. குப்பையைக் கிளறினேன். இலைக்காம்பு முழங்கை நீளம். சிற்றிலை வேம்பைவிடப் பெரிது, ஓரம் பல் பல்லாக. கசக்கினால் நாற்றம். கிளையெல்லாம் இலை விழுந்த வடு. வேம்பு இல்லை, பெருமரம். அந்த நாற்றத்தை வைத்து ஊரில் இன்னொரு பெயரும் உண்டு, மனைவியிடம் சொல்லத்தக்கதல்ல.

“சாகலை. வருஷா வருஷம் உதிர்க்கிற சாதி. அடுத்த மாசம் துளிர்க்கும்” என்றேன். முந்தியும் உதிர்ந்திருக்கும். கடிதம் வந்துகொண்டிருந்த காலம். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மார்ச் 7, ஞாயிறு
புழுக்கம். துளிர்விட்டது. ஆராதனை முடிந்து வந்தவள் சேலைகூட மாற்றாமல் மரத்தடியில் நின்றாள். “சொன்னீங்கள்லா! புள்ள வந்திருவான்.” நான் மரத்தைப் பற்றித்தான் சொன்னேன். திருத்தவில்லை. அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். வாங்க வேண்டியவை: சலவை நீலம், மண்ணெண்ணெய் (கிடைத்தால்).

மார்ச் 20, சனி
பக்கத்து வீட்டு உப்பு வியாபாரி அண்ணாச்சி வந்தார். “வாத்தியாரே, உங்க மரம் எங்க கிணத்துல தண்ணி குடிக்கு. வாடகை கேக்கலாம்னு வந்தேன்.” போய்ப் பார்த்தேன். சிரிப்பதற்கில்லை. வேர் மதிலுக்கு அடியில் புகுந்து கிணற்றுச் சுவரைப் பிளந்திருக்கிறது. “பேத்திமாரு தண்ணி இறைக்காவ. வெட்டிருங்க.”

எஸ்தரிடம் சொன்னேன். “அவன் வார வரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லுங்க.”

ஏப்ரல் 13, செவ்வாய்
கிணற்றுச் சுவர் ஒரு பக்கம் சரிந்தது. அண்ணாச்சியின் மூத்த பேத்தி வாளியை விட்டுவிட்டு ஓடியதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள். எஸ்தர்தான் போய் மருந்து போட்டாள். வந்து கையைக் கழுவினாள். “வெட்டச் சொல்லுங்க.”

ஏப்ரல் 14, புதன்
சீக்கிரம் விழுந்துவிட்டது. மெத்தென்ற மரம். வெட்டியவர் கருத்து: “தீக்குச்சிக்குத்தான் ஆவும், ஐயா.” எஸ்தர் வெளியே வரவில்லை. சட்டைகள் மடித்துப் பெட்டிக்குள்.

மே 9, ஞாயிறு
அனல். முற்றத்தில் மூன்று கன்று, மதிலோரம் இரண்டு. அண்ணாச்சி வீட்டில் எத்தனை என்று கேட்கப் பயம். வேரிலிருந்து கிளம்புகிறது, தாய்மரத்தை வெட்டினால் இன்னும் தாராளமாக. மண்வெட்டியோடு போனேன். எஸ்தர் ஏற்கனவே அங்கே. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல அவன் நட்டது எதுங்க?”

எல்லாம் அதே வேர்தான் என்றேன்.

“அப்ப எல்லாத்தையுமா வெட்டப் போறீங்க?”