எண்பத்து மூன்றாம் துளி

பிப்ரவரி 6

அன்பு வாலுவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? போனை உன் அம்மா என் கைக்கு விடுவதே இல்லை என்பதால் வழக்கம்போல் காகிதம்தான்.

அவள் சொல்லி நீ சிரிப்பதற்குள் என் வீரத்தை நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். ரத்தம் எடுக்க வந்த பெண் கையில் எடுத்தது வெறும் பஞ்சு. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் படிவத்தாலேயே எனக்கு விசிறினார்.

"சார், நான் இன்னும் குத்தவே இல்ல!"

"நான் முன்கூட்டியே விழுந்துட்டேம்மா. இனி பயமில்லாம குத்து."

அதற்குமுன் உடம்பைப் பற்றிப் பதினான்கு கேள்விகள் கேட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டினேன். "ஆரோக்கியமானவர்கள்" பட்டியலில் சேர்த்து, குழாயில் ஓர் எண் ஒட்டினாள். அதை உன்னிடம்கூடச் சொல்லக் கூடாதாம்.

ஒரு சந்தேகம். நெஞ்சைத் தொடாமல், ஒரு துளி ரத்தத்தில் வெளிச்சம் அடித்து, இதயம் கெடப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பெயின்ட் கடையில் முப்பது வருஷமாக நிறம் கலக்கிறவனுக்குப் புரிகிறமாதிரி எழுது.

கடையில் எல்லாம் பழையபடி. மேல்தட்டு டின்னை எடுக்க ஏணி ஏறினால், ஆறாவது படியில் நின்று கடையின் அழகைக் கொஞ்சம் ரசித்துவிட்டுத்தான் மேலே போகிறேன். வயதானால் ரசனை கூடும்போல.

உன் அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

பஞ்சைப் பார்த்து விழுந்த முதல் ஆள் நீங்கள்தான். இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் சந்தேகத்துக்கு விடை உங்கள் கடையிலேயே இருக்கிறது. இரண்டு சாம்பல் நிறம், கடை விளக்கில் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். வெயிலில் கொண்டுபோனால் வேறாகிவிடும் என்று சொல்வீர்களே. உள்ளே கலந்திருக்கும் பொடி வேறு என்பதால்தானே? ரத்தமும் அப்படித்தான். கண்ணுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. நாங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அதன்வழியே செலுத்துகிறோம். உள்ளே இருக்கும் கொழுப்பும் புரதமும் ஆளுக்கு ஆள் வேறுவிதமாக அந்த ஒளியை விழுங்கும். மிஞ்சி வருவதைக் கோடாக வரைந்தால், இதய நோய் நெருங்குகிறவர்களின் கோட்டுக்கு ஒரு சாயல் இருக்கிறது. அது உண்மைதானா என்றுதான் இப்போது பார்க்கிறோம்.

அதில்தான் ஒரு தலைவலி. ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் எண்பத்து மூன்று என்று ஓர் ஆள். படிவத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் கருவியோ அவருக்கு ஆபத்து என்று அடித்துச் சொல்கிறது. "அதை நீக்கிடும்மா, முடிவு அழகா வரும்" என்கிறார் எங்கள் தலைவர். எனக்கு மனசு வரவில்லை. வைத்துக்கொண்டால் கருவி தப்பென்று ஆகும். மூன்று வருஷ உழைப்பு, அப்பா. மார்ச் முதல் வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், சோதனையில் இருக்கும் கருவியை நம்பி யாரையும் பயமுறுத்த அனுமதி இல்லை. நல்லவேளை, உங்களைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. "எங்கப்பா கல்லு மாதிரி" என்று இங்கே பெருமையடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வாலு


பிப்ரவரி 24

வாலு,

சாம்பல் நிறக் கணக்கு பளிச்சென்று புரிந்தது. இன்று வந்தவரிடம் அதையே விளக்கினேன். அவர் பாவம், தூரிகை வாங்க வந்தவர்.

அந்த எண்பத்து மூன்றைப் பற்றிச் சும்மா கேட்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வராமல் எதையாவது தின்றுவிட்டு வந்திருப்பானோ? துளி மாறியிருக்குமோ? கருவிக்குத் தூசு பட்டிருக்குமோ? அவசரப்பட்டு நீக்கிவிடாதே.

அப்பா


பிப்ரவரி 26

அப்பா,

சுருக்கமாக எழுதுகிறேன், தபால் போய்விடும். சாப்பாட்டால் இந்தச் சாயல் வராது, துளி மாறவில்லை, மூன்று முறை அளந்தும் அதே கோடுதான். வெள்ளிக்கிழமை நீக்கிவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆள்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

வாலு


பிப்ரவரி 28

அன்பு வாலுவுக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கு முன் கிடைக்க வேண்டும். எண்பத்து மூன்றை நீக்காதே. உன் கருவி சரி. படிவம்தான் பொய்.

எண்ணைச் சொல்லக் கூடாதென்ற விதியை மீறுகிறேன். அந்த ஆசாமிக்கு மீசை இருக்கிறது, பஞ்சைக் கண்டால் மயக்கம் வரும்.

உன் கடிதம் வந்ததும் கலர் அட்டையை வெயிலில் பிடிப்பதுபோல் என்னையே கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏணியில் ஆறாவது படி என்ன அவ்வளவு அழகா? நேற்று மருத்துவரிடம் போனேன். ஓடுகிற பட்டைமேல் நடக்கவிட்டார். நான்காவது நிமிஷம் அவரே நிறுத்திவிட்டார். ஒரு ரத்தக்குழாய் நன்றாகச் சுருங்கியிருக்கலாம் என்கிறார். செவ்வாய்க்கிழமை குழாய் செலுத்திப் பார்த்து, வேண்டுமானால் விரித்துவிடுவார்களாம். நீ பதறி ஓடிவராதே. வந்தாலும் சந்தோஷம்தான்.

ரத்தம் எடுத்த இடத்துக்கும் போய்ப் புதுப் படிவம் வாங்கி, சரியான கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்துவிட்டேன். உன் தலைவருக்கு அதுவே போய்ச் சேரும்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். ஆரோக்கியமானவர்கள் போதவில்லை என்று நீ எழுதியிருந்தாய். எட்டாவதோடு நின்றவன் உன் ஆராய்ச்சிக்கு வேறு எதைக் கொடுக்க முடியும்? கல்லு மாதிரி இருக்கிற ஓர் அப்பனைக் கொடுக்கலாமென்று நினைத்தேன். உன் மூன்று வருஷத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

விஷயம் வெளியே வந்துவிட்டாலும் என் வாய் இன்னும் திறக்கவில்லை. மருத்துவருக்குப் பட்டை சொன்னது. படிவத்துக்குப் பேனா சொன்னது. உன் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அன்று அந்தப் பெண்ணின் ஒன்பதாவது கேள்வி இது: "சார், மாடி ஏறினா நெஞ்சு இறுக்கிப் பிடிக்குதா?"

ஆமாம்.

உன் அப்பா