மா என்றால் என்ன, அக்கா?

அக்கா,

மேல்வீட்டில் ரொட்டி சுடுகிறார்கள். தேங்காய்ப்பூவும் மாவும் கல்லில் கருகுகிற வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி என் அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். என் பொடியனுக்கு ஏழு வயதாகிவிட்டது. அவன் பாட்டுக்கு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உங்களிடம் பேச வேண்டும், நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த அந்த இரண்டு வருஷமும் எனக்கு இவன் வயிறுதான் உலகம். நாலு வயதுப் பிள்ளைக்குக் கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பிக் கிடக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சுருண்டு படுத்து, "அம்மா, வலிக்குது" என்று ஆரம்பிப்பான். பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்தாகிவிட்டது. குடல் ஏறிவிட்டது என்று சிப்பிகாட் ஊரில் ஒரு அம்மா எண்ணெய் தடவித் தட்டிவிட்டார். தண்ணீரைக் காய்ச்சினோம், பாலை நிறுத்தினோம், கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். என் வீட்டுக்காரர், "செல்லம் குடுக்காத, நடிக்கிறான்" என்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டு பறக்காதது அவர் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தது நீங்கள்தான். அபர்டீன் பஜார் துணிக்கடையில் உங்கள் வீட்டுக்கார பாய் தனியாகத் திண்டாடட்டும் என்று விட்டுவிட்டு வருவீர்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இந்தி தெரியாமல் இல்லை. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வருவது இந்தி இல்லை, அழுகை. "நீ புள்ளையப் புடி, பேச்ச நான் பாத்துக்கிறேன்" என்பீர்கள்.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர்தான் முதன்முதலாகச் சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கேஹூ காத்தா ஹை?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கோதும சாப்புடுவானான்னு கேக்குறாரு புள்ள."

"கோதுமையா? எங்க வீட்ல சப்பாத்தியே கெடையாதுக்கா. சோறு, இல்லாட்டி மா ரொட்டி."

"நஹி சாப். சாவல். ரொட்டி பி சாவல் கா" என்றீர்கள். பொடியன் மேஜையிலிருந்து இறங்க உதைத்துக்கொண்டிருந்தான். ரொட்டியும் அரிசியில்தான் என்று நீங்கள் சொல்லி முடித்ததில், சாவல் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. சோற்றைத்தான் சொல்கிறீர்கள் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

உங்கள் வீட்டில் ரொட்டி என்றால் அரிசி மாவு. எங்கள் ஆட்கள் சிலோன் தோட்டத்திலிருந்து மூட்டை கட்டி வந்தபோது கூடவே கொண்டுவந்த பேச்சில் 'மா' என்றால் கோதுமை மா, கடையில் மைதா என்று விற்கிறார்களே, அந்த வெள்ளை மாவு. அதுவும் கோதுமைதான் என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. தமிழ் பேசுகிற இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஒரு சொல்லில் அந்த நல்ல மனுஷனைத் திசைதிருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அதற்கப்புறம் எட்டு மாசம். வலி வந்தால் எங்கள் வழக்கப்படி சோற்றை நிறுத்திவிடுவேன். வயிற்றுக்கு இதம் என்று மெல்லிய ரொட்டி சுட்டு, பால் இல்லாத பிளேன்டீயில் நனைத்து ஊட்டுவேன். நானே, என் கையால்.

ஒருநாள் சீனி கேட்டு வந்தீர்கள். நான் பிசைந்துகொண்டிருந்தேன். சும்மா விரலால் தொட்டீர்கள். மாவு ஒட்டிக்கொண்டு இழுபட்டது.

"இது என்ன புள்ள?"

"மா தான்க்கா."

"யா அல்லா! இது மைதால்ல! அரிசி மாவுன்னுல்ல நான் டாக்டர்ட்ட சொன்னேன்!"

நான் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "தெரியலன்னா ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதான? ஒங்க வாயால எம்புள்ள எட்டு மாசம் துடிச்சிருக்கான்." நீங்கள் வந்த வழியே திரும்பிப் போனீர்கள். சீனியையும் வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் ஆட்டோவோடு வாசலில் நின்றீர்கள். "கெளம்பு. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

ரத்தம் மெயின்லேண்டுக்குப் போனது. முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. சீலியாக் என்றார்கள், கோதுமை ஆயுசுக்கும் ஆகாது, வேறு மருந்தே வேண்டாம் என்றார்கள். ரொட்டியை நிறுத்தி இரண்டு மாசம் இருக்கும், ஒரு மத்தியானம் தட்டு நிறையச் சோறு தின்றுவிட்டு அவன் தெருவுக்கு ஓடினான். நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். "ஏ, ஓடுறான் பாரு, எங்க செல்ல வாப்பா ஓடுறான் பாரு!" வாசலில் நின்று இரண்டு பேரும் அழுதோம். அன்றைக்காவது, 'தப்பு என்மேலும்தான் அக்கா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்களும் அந்தச் சண்டையை எடுக்கவே இல்லை.

மழை தொடங்குவதற்குள் உங்களைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. வீட்டைக் காலி செய்ய வந்த உங்கள் மகள்தான் சொன்னாள். "உம்மாக்கு ரெண்டு வருசமாவே வயித்துவலி இருந்துருக்கு ஆன்ட்டி. கேஸு, கேஸுன்னு மாத்திரையப் போட்டுட்டே இருந்துருக்காங்க. காட்டுனப்ப லேட்டாயிருச்சு."

அப்படியென்றால் அந்த ஆஸ்பத்திரி வரிசைகளில் வலியோடுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா? எத்தனை மேஜைக்கு முன்னால் என் பிள்ளை வயிற்றைப் பற்றி விளக்கிச் சொன்னீர்கள்! 'எனக்கும் ஒரு சீட்டுப் போடு புள்ள' என்று சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை? உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவன் முகம் சுருங்கினால் போதும், எந்த இடத்தில், எவ்வளவு நேரமாக என்று துருவித் துருவிக் கேட்ட எனக்கு, உங்கள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லையே. என்மேல் வருகிற கோபம் அதைவிடப் பெரிது.

பொடியன் நன்றாக இருக்கிறான். வலித்ததே ஞாபகம் இல்லை என்கிறான். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெங்காலி அம்மா வயிற்றில் கை வைத்தால், "க்யா ஹுவா தீதி, தர்த் ஹை?" என்னாச்சு அக்கா, வலிக்குதா என்று கேட்டுவிடுகிறேன். வீட்டுக்காரர் ஏப்பம் விட்டால் ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறேன். "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்கிறார். பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். உங்களிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்க வேண்டியதை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறேன், அக்கா.