ஓரின் கொடுத்த ரிவால்வர்

கேஸ்டன் க்ரீக், ஐடஹோ
ஜூன் மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஷானாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. நீயும் சுகம் என்று கார்டில் எழுதியிருக்கிறாய், ஆனால் போன வாரம் போனில் வாயைப் பொத்திக்கொண்டு நீ இருமியது எனக்குக் கேட்காமல் இல்லை. நீ அனுப்பிய போட்டோவில் உன் நாற்காலி முதுகில் யாருடைய கையோ இருக்கிறது, கைக்குச் சொந்தக்காரரைக் காணோம், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். இதைப் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. கடல் தாண்டி அபர்டீனில் நீ வேலை முடிந்து போனை எடுக்கும் நேரம் இங்கே எங்களுக்குக் காலைக் காபி நேரம், அந்த நேரத்தில் இப்போதெல்லாம் நம் சமையலறையில் ஓரின் மாமா உட்கார்ந்திருக்கிறான், அவன் காதில் விழக் கூடாத விஷயம் இது. நீ மாமா என்று கூப்பிட்டாலும் எனக்கு அவன் கூடப் படித்தவன், பக்கத்து வயல்காரன், அதனால் அவன் என்றுதான் எழுதுவேன்.

முதலில் நல்ல சேதி. மேவிஸின் ரிவால்வர் என் கைக்கு வந்துவிட்டது. ஓரினின் அம்மா மேவிஸை உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவள், கோடை விடுமுறையில் என்னையும் ஓரினையும் சரளைக்கல் குழிக்குக் கூட்டிக்கொண்டு போய், காலி பீச் பழ டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுடச் சொல்லிக்கொடுத்தாள். அவள் பாராட்டி நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரிவால்வரில் தோட்டா போடுவாள், நல்ல தோட்டாவுக்கு நடுவே ஏற்கெனவே சுட்டு முடித்த வெற்றுக் கூட்டையும் சேர்த்துப் போட்டுவிடுவாள், எது வெடிக்கும் எது வெடிக்காது என்று எங்களுக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டில் விசையை அழுத்தும்போது பயத்தில் கை தாழ்ந்துவிட்டால், "துப்பாக்கி உன்னை ஏமாத்தல பொண்ணு, உன் கைதான் ஏமாத்துது" என்பாள். இரண்டு சட்டங்கள் வைத்திருந்தாள். ஒன்று, "காலின்னு எவன் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் நம்பாதே, நீயே தொறந்து பாரு." இன்னொன்று, விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்பது. "க்ளிக்குன்னு சத்தம் மட்டும் வந்தா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்காதே. தாமதமா வெடிக்கிறதும் உண்டு. குழலை மண்மேட்டுப் பக்கமே புடிச்சுக்கிட்டு காத்திரு, விட்டுட்டு நகராதே." உன் அப்பா என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்கிறாரே, அது அவள் எனக்கு விட்டுப்போன சொத்து. ரிவால்வரை மகனுக்கு விட்டுப்போனாள். நன்றாகச் சுடுபவள் நான்தான் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும், ஓரினுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஆனாலும் மகன் மகன்தானே. வருடா வருடம் புல் அறுப்பு முடிந்ததும் விலைக்குக் கேட்பேன், "அடுத்த வருஷம் கேளு வெல்டா, அப்ப யோசிக்கிறேன்" என்று பல்லைக் காட்டுவான். அதே கே-22 ரக ரிவால்வரை ஐடஹோ ஃபால்ஸ் சந்தையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அப்பாவும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார், எனக்கு மேவிஸ் பிடித்துத் தேய்ந்த அந்தக் கைப்பிடிதான் வேண்டும்.

அப்படிப்பட்டவன் இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மத்தியானம் பிக்கப் வண்டியை என்ஜின் ஓடியபடியே வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பாத்திரம் துடைக்கிற துணியில் சுற்றிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். "எடுத்துக்கோ. காலிதான்" என்றான். விலை என்ன என்றேன், ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினான். ருபார்ப் பை பலகாரத்தை அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியிருந்தேன், அதன் வாசனைக்குக்கூட நிற்கவில்லை. ஓரின் என் ருபார்ப் பையை விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததே கிடையாது. அப்பா, "அவனே கொடுக்குறான், வாங்கி வெச்சுக்கோயேன், எதுக்கு மொகத்தை இப்படி வெச்சுக்கிட்டிருக்க" என்றார். அவர் இப்படித்தான், பாம்பு வந்து பரிசு கொடுத்தாலும் நன்றி சொல்லி அனுப்புவார். நான் துணியைப் பிரித்து உருளையைத் தள்ளித் திறந்தேன். காலி இல்லை. ஒரே ஒரு தோட்டா இருந்தது. கையில் தட்டி வெளிச்சத்தில் பார்த்தால், ஈயம் அப்படியே இருக்கிறது, விளிம்பில் மட்டும் ஊசி குத்திய தழும்பு. அதாவது விசையை அழுத்தியிருக்கிறார்கள், சுத்தி விழுந்திருக்கிறது, வெடிக்கவில்லை. சரிதான், விஷயம் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஸ்பிரிங் செத்துப்போன துப்பாக்கியை என் தலையில் கட்டிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மறுநாளே அப்பாவை இழுத்துக்கொண்டு சரளைக்கல் குழிக்குப் போனேன். உருளை ஆடுகிறதா, குழலுக்குள் துரு இருக்கிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டு ஒரு டப்பா தோட்டாவையும் சுட்டுத் தீர்த்தேன். ஒன்றுகூடத் தவறாமல் வெடித்தது. ஷானா, எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுட்டேன், ஆனாலும் டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்தக் கைப்பிடி என் உள்ளங்கையில் உட்கார்ந்த விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா பார்க்காத மாதிரி குனிந்து வெற்றுக் கூடுகளைப் பொறுக்கினார். அவ்வளவு சந்தோஷத்திலும் மனது ஓயவில்லை. சாமானில் குறை இருந்தாலாவது அவன் ஏன் கொடுத்தான் என்று புரிந்திருக்கும். குறையே இல்லாத ரிவால்வரை ஒருவன் சும்மா கொடுத்தால் அவனுக்கு வேறு ஏதோ வேண்டும் என்றுதானே அர்த்தம்.

வேறு என்ன, தண்ணீர்தான். ஆகஸ்டில் வாய்க்கால் கூட்டம் வருகிறது, மதகை அவன் பக்கம் மேலே தள்ளிக் கட்ட வேண்டும் என்று அவன் எத்தனை வருடமாகக் கேட்கிறான் என்பது உனக்கே தெரியும். என் ஓட்டுக்கு ரிவால்வரா என்று நினைத்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக மதகைப் பார்க்கப் போனேன். போனால் அவனுடைய முறைத் தண்ணீர் முழுவதும் நம் பக்கம் பாய்ந்துகொண்டிருக்கிறது, அவன் வயலில் குதிரைமசால் தீவனப் பயிர் ஜூன் மாதத்திலேயே மஞ்சளாகிக் கிடக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெல்டா தண்ணீரைத் திருடிவிட்டாள் என்று போட்டோ எடுத்துத் தண்ணீர் அதிகாரியிடம் காட்டத் திட்டம் போட்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். யாராவது புதருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்களா என்றுகூடப் பார்த்தேன், சிரிக்காதே. மதகைச் சரியாக இறக்கிவிட்டு வந்தேன், மறுநாள் போனால் பழையபடி நம் பக்கமே திறந்துவிட்டிருக்கிறான். அப்பாவிடம் புலம்பினால், "அவனுக்கு ஞாபகமறதியா இருக்கும், விடு" என்றார்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டின்போது அப்பா உப்பை எடுத்துக்கொண்டே, "ஓரின் தீவனக் கடையில பாத்தான், நாயை வெச்சுக்கிறியான்னு கேட்டான், நானும் சரின்னேன்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "எத்தனை நாளுன்னு ஒண்ணும் சொல்லல" என்றார். அந்த நாய் அவன் மனைவி ரூத்தன் வளர்த்தது. நீ அவள் அடக்கத்துக்குப் பூ அனுப்பினாயே, குளிர்காலத்தில் அவள் போன பிறகு அந்த நாய் இல்லாமல் அவன் தபால் பெட்டிவரைக்கும்கூட நடப்பதில்லை. வசந்தத்தில் மாடுகளை விற்றான், வயதாகிவிட்டது என்றான், நாங்களும் நம்பினோம். இப்போது அவன் அம்மாவின் ரிவால்வர், தண்ணீர், நாய். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஜன்னல் மேடையில் அந்தத் தழும்பு விழுந்த தோட்டாவை நான்தான் சாட்சிக்கு என்று பத்திரமாக வைத்திருந்தேன். டப்பாவைச் சுட ஒரே ஒரு தோட்டாவை யாரும் போட மாட்டார்கள். ரிவால்வரில் குறையில்லை, தோட்டாதான் பழசு, அது வெடித்திருந்தால் நாங்கள் ஓரினைப் புதைத்திருப்போம். மேவிஸ் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்தாள், நான் அதை வாய்க்கால்மேல் செலவழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா சாப்பிட்டு முடிக்கவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவன் வீடு படு சுத்தமாக இருந்தது, ஊரைவிட்டே போகிறவன் வீடு மாதிரி. பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கி, மேசைமேல் துளி ரொட்டித்தூள்கூட இல்லாமல், ஓரின் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கிறாய் என்றேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். நான் தோட்டாவை அவன் முன்னால் வைத்தேன். எதைப் பார்த்துச் சுட்டாய், உன்னையா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவன் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். "க்ளிக்குன்னுச்சு வெல்டா. அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அது எவ்வளவு முட்டாள்தனம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சிரிச்சேன், அழுதேன். இன்னொரு தடவை அது கைக்கு எட்டுற எடத்துல இருக்கக் கூடாதுன்னு உன்கிட்ட கொண்டாந்து வெச்சேன்" என்றான். அப்படியானால் தோட்டாவை ஏன் உள்ளேயே விட்டாய், என்னிடம் ஏன் காலி என்று சொன்னாய் என்று கத்தினேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொல்ல வாய் வரல. காலின்னு சொன்னா நீ நம்ப மாட்டே, தொறந்து பாப்பேன்னு தெரியும். இந்த ஊர்ல வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்றான். பிறகு, "நீ அன்னிக்கே வருவேன்னு நெனச்சேன். மதகுல போயி நோண்டிக்கிட்டிருந்தே" என்றான். நான் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டேன், அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

அன்றைக்கே அவனுடைய மற்றத் துப்பாக்கிகளும் நம் இரும்பு அலமாரிக்கு வந்துவிட்டன. அப்பா அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, தீவனக் கடையிலும் இதுவரை வாயைத் திறக்கவில்லை, அவரிடம் இப்படி ஒரு குணம் இருப்பது எனக்கே புதிது. வாரம் ஒரு முறை டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் பேசுவதற்கு அவனை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், பின்வாசல் வழியாக நழுவிவிடுவானோ என்று பிக்கப்பை அந்தப் பக்கமாகவே நிறுத்துகிறேன். அவர் மாத்திரை கொடுத்திருக்கிறார், அதை என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். நாய் அவனிடமே இருக்கிறது. காலையில் நம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், காபி குடித்துவிட்டு இரண்டு பேரும் மதகுக்குப் போய் அவன் முறைத் தண்ணீரை அவன் வயலுக்கே திருப்பிவிட வேண்டும், இது என் உத்தரவு. ஊரில் யாராவது கேட்டால் இவள் என்னை நம்ப மாட்டேன் என்கிறாள், தண்ணீருக்குக் காவல் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறான். சொல்லிக்கொள்ளட்டும், என்னைப் பற்றி அப்படிச் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அவன் தேறிவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். சில காலை கலகலப்பாக வருகிறான், சில காலை நாயைத்தான் பேசவிடுகிறான். நான் மேவிஸ் சொன்னபடி காத்திருக்கிறேன், விட்டுவிட்டு நகர மாட்டேன்.

உனக்கு வேலை ஒன்று. வரும் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போன் போடு. இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதே, உன் கார் பிரேக் கிறீச்சிடுகிறது என்று சொல், அவன்தானே உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான், அரை மணி நேரம் பேசுவான். நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே, இன்னொரு தடவை கேள். மறக்காதே, கார்டில் பதில் போட்டுவிட்டுப் போனை மறந்துவிடும் பழக்கம் உனக்கு உண்டு.

கடவுள் உன்னைக் கண் மாதிரி காப்பாற்றட்டும், கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொள், இருமலுக்கு டாக்டரைப் பார். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் நல்லவராக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பெயர் மட்டும் தெரிந்தாக வேண்டும். அப்பாவின் முத்தங்கள். இன்னொன்று ஷானா. நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து அனுப்பிய கார்டுகளை நேற்று எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் நான் சுகம், கவலைப்படாதே என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய், அழுதுகொண்டு நீ எழுதிய கார்டு ஒன்றுகூட இல்லை. நான் அவற்றை நம்பவில்லை. இந்த முறை உள்ளது உள்ளபடி எழுது, பக்கம் எவ்வளவானாலும் சரி, அம்மா படிக்கிறேன்.

உன்னை நம்பாமலே நேசிக்கிற
அம்மா வெல்டா