உன் பின்னறையின் குளிர்

கிளென் வேவர்லி,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள மகள் சயந்தினிக்கு,

அம்மாவும் நானும் நலம், முழங்கால்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டார்வினில் நீயும் மருமகன் பிரஷாந்தனும் எங்கள் பேரன் சின்னவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று போன வெள்ளிக்கிழமையும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தோம். தினமும் போனில் கதைத்துக்கொண்டு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் புகுந்து கதைப்பா, நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீயும் 'இட்ஸ் ஓகே அப்பா' என்று முடித்துவிடுவாய். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

நீ போன மாதம், 'சின்னவருக்குக் கோயிலில் முதற் சோறு தீத்த ஜூலையில் வருகிறோம், ஆனால் வீட்டில் தங்கவில்லை, நடுக் குளிர்காலம், பின்னறை பிள்ளைக்குக் குளிரும், மோட்டலில் அறை எடுத்திருக்கிறோம்' என்று சொன்னாயே. நான் சரி என்று மட்டும் சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சரியான கோபம். இரண்டு நாள் அம்மாவோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ வளர்ந்த வீட்டில் உன் பிள்ளை படுக்க முடியாதா, டார்வின் வெயிலில் இருந்து இருந்து உனக்கு உடம்பு செல்லமாகிவிட்டது என்று எனக்குள்ளேயே வழக்குப் பேசினேன். மூன்றாம் நாள் ரோசம் வந்து, இந்த வீட்டைக் குளிராத வீடாக்கிக் காட்டுகிறேன் பார் என்று கூரைக்குள் குளிர் இறங்காமல் இன்சுலேஷன் போடுகிற ஆட்களைத் தேடத் தொடங்கினேன். ஆக, நல்ல மனதோடு தொடங்கிய வேலை இல்லை இது, அதையும் நீ அறிந்திருக்க வேண்டும்.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை, காருக்குப் பக்கத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு விலை சொன்னார். இரண்டாவது ஆள் அதையும் பார்க்காமல் போனிலேயே விலை சொன்னார். மூன்றாவதாக வந்தவர் கிரெய்க், ஐம்பது வயதிருக்கும், நான் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது. அப்போதே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. எந்த அறை கூடக் குளிர் என்று கேட்டார். எல்லாம் ஒன்றுதான் என்றேன் நான். குசினிக்குள்ளிருந்து அம்மா, 'பின்னறை' என்றா.

அவரிடம் சூட்டையும் குளிரையும் நிறத்தில் காட்டுகிற ஒரு கமரா இருந்தது. ஹோல் சீலிங்கைப் பிடித்தார், செம்மஞ்சள். எங்கள் அறை, சாமியறை, எல்லாம் செம்மஞ்சள். உன் அறைக்குள் போனதும் படம் முழுக்க நீலம். மேலே ஒன்றுமே இல்லை, தகரமும் சீலிங் பலகையும் மட்டும்தான் என்றார். இங்கே யார் படுத்தது என்று கேட்டார். மகள் என்றேன். எவ்வளவு காலம் என்றார். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் என்றேன். அந்த மனிசன் கமராவை உறையில் வைத்து மூடினார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த அறையைக் கட்டித் தந்த சிவபாலனைப் போனில் பிடித்தேன், இப்போது சிட்னியில் கிரவீனில் இருக்கிறார். எங்கள் ஆள் என்று நம்பித்தானே வேலையைத் தந்தேன், இப்படியா ஏமாற்றுவது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், 'அண்ணை, பட்ஸ் வந்து சேரேல்லை, ரெண்டு கிழமை பொறுங்கோ எண்டு நான் சொன்னனான். ஐயர் வீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைச்சாச்சு, சிட்னியிலையிருந்து சனம் வருது, நீ சீலிங்கை மூடு, பிறகு பாப்பம் எண்டு நீங்கள்தான் சொன்னியள்.' பட்ஸ் என்றால் சீலிங்கிற்கு மேலே வைக்கிற அந்த மெத்தைத் துண்டுகள். தட்டைக் கூரை, மூடினால் பிறகு தகரத்தைக் கழற்றாமல் வைக்க முடியாது என்றும் அப்போதே சொன்னாராம். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். 'ஓம், பட்ஸை வைப்பியுங்கோ எண்டு நானும் ஒரு வருசம் கேட்டுப் பாத்தன், பிறகு விட்டிட்டன்' என்றா. சிவபாலனிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபம், அவர் அறுபது வயது மனிசன், நல்லவர், சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

உன்னிடம் கேட்பதுதான் சுலபமில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, உன்னைப் பன்னிரண்டாம் வகுப்பில் எழுப்பிய அதே நேரத்துக்கு, உன் அறையில் போய் உன் கதிரையில் இருந்தேன். மேசையில் சின்ன வெப்பமானியை வைத்தேன், எட்டுப் பாகை காட்டியது. பத்து நிமிடம்தான் இருந்தேன் பிள்ளை, விரல் மடங்கவில்லை. நீ கையுறையைப் போட்டுக்கொண்டு கணக்குச் செய்ததைப் பார்த்து நான் சிரித்தது ஞாபகம் வந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் சூடான அடுப்புக்கு முன்னால் வந்து இருப்பாய், படிக்கக் கள்ளம் என்று பேசி உன்னைத் திருப்பி அனுப்புவேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஹோலில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இவளுக்குக் குளிர் என்பது சும்மா சாட்டு என்று உன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. சாட்டுச் சொன்னது நான்தான். ஒரு நல்ல நாள் தப்பிவிடக் கூடாது என்று பார்த்தேன், அதற்குப் பிறகு வந்த பத்து வருடத்தையும் பார்க்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் மகள்.

போன கிழமை கிரெய்க் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை வரலாம், மூன்று நாள் மழை இல்லை, அதை விட்டால் ஆகஸ்ட்தான் என்றார். அம்மா கலண்டரைப் பார்த்தா, செவ்வாய் அட்டமி. இந்த விஷயத்தில் எனக்கு இனி வாயில்லை. அம்மா கலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, 'நல்ல நாள் பாத்து மூடினதை அட்டமியிலை திறந்தால் ஒண்டும் வராது, வரச் சொல்லுங்கோ' என்றா. அவரும் இன்னொருவரும் தகரத்தைக் கழற்றி, இடைவெளி முழுக்கப் பட்ஸை வைத்து, ஜன்னல் ஓரங்களில் காற்று வருகிற வெடிப்புகளையும் அடைத்தார்கள். மூடுவதற்கு முன் என்னைப் பார்க்கச் சொன்னார். படம் எடுத்துக் காட்டுகிறேன், ஏற வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் ஏறினேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பேச்சான பேச்சு. கையை வைத்து மூலைக்கு மூலை அமத்திப் பார்த்தேன், ஓர் இடமும் வெறுமையாக இல்லை. அதற்குப் பிறகுதான் மூடச் சொன்னேன். இன்று காலை ஆறு மணிக்கு, ஹீற்றர் போடாமல், பதினாறு பாகை.

இந்த அறையைக் காட்டி உன்னை வீட்டுக்கு இழுக்கிறேன் என்று நினைக்காதே. மோட்டலில்தான் உனக்கு வசதி என்றால் அங்கேயே இரு, நான் இந்த முறை முகத்தைத் தூக்க மாட்டேன், காலையில் இட்டலியும் சம்பலும் அங்கே கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னவரின் தொட்டிலுக்கு இடம் விட்டிருக்கிறோம். உன் கையுறை மேசை லாச்சிக்குள் கிடந்தது, அம்மா எறியப் பார்த்தா, நான் விடவில்லை. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. விமானத்தில் பிள்ளையின் காதை மூடிப் பிடி, இறங்கும்போது பால் கொடு.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடு வாழ அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே வந்து நின்றபின் உனக்கோ பிள்ளைக்கோ இன்னமும் குளிர்ந்தால், எத்தனை மணியென்றாலும் வந்து என்னிடம் சொல்லு. வெப்பமானியைப் பார்க்காமலே நம்புவேன்.

உன் சொல்லைக் கேட்கப் பிந்திப் பழகிய,
அப்பா கணேசலிங்கம்