மூடியில் மூன்று தட்டு

அன்புள்ள சொட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தில் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கொஞ்சம் இழுத்தால் நீ "சரிம்மா, லேப்ல கூப்பிடறாங்க, வைக்கிறேன்" என்பாய். அதுவே சாக்கு என்று நானும் வைத்துவிடுவேன். ஆறு வருடமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி. கூரியர்காரர் நான்கு நாள் என்கிறார். நீங்கள் கிளம்ப இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

வீட்டுச் செய்தி முதலில். சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. குழாய் ரிப்பேர்காரரைக் காலையில் மூன்று தடவை கூப்பிட்டேன். வந்து வாஷரை மாற்றிவிட்டு, "ஒரு சொட்டுக்கா இந்தப் பாடு படுத்தினீங்க?" என்று சிரித்தார். அவர் வரும்வரை குழாய்க்கு அடியில் துணியை மடித்து வைத்திருந்தேன், சத்தம் கேட்காமல் இருக்க. மாடி வீட்டு டீச்சரம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உன் அறை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது, நாற்காலி மேல் துணிக்குவியல் உட்பட. மடித்து வைக்க நான் என்ன வேலைக்காரியா?

போன வாரம் நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குகைக்குப் போகும் குழுவில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். "அம்மா, உன் பேப்பர்ல இருக்கிற பட்டியலைப் பார்த்துத்தான் புரொஃபசர் தேதி குறிச்சார். வறண்ட மாசம், வெள்ளம் பூஜ்யம்னு நீயே போட்டிருக்கே" என்று. அதற்குக் கீழே, "அப்பாவுக்கு நடந்தது ஆயிரம் வருஷத்துல ஒரு தடவை நடக்கிறது, திரும்ப நடக்காது" என்று. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான் சொன்ன வார்த்தை அது. உன்னிடமும் சொன்னேன். நீ அதைப் பத்திரமாக வைத்திருந்து எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறாய்.

அந்தப் பூஜ்யம் பொய், சொட்டு. தெரிந்தே போட்டது என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டது.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று முகம் சுளிக்காதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், இல்லையென்றால் முக்கியமான இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவேன். கணினியில் பழைய காலத்து மழையை உருவாக்கிப் பார்ப்பது என் வேலை. அது சரியா தப்பா என்று கேட்க, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள் யாரும் உயிரோடு இல்லை. அதனால் கல்லைக் கேட்கிறோம். குகையில் சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் தரையில் கல்லாக வளர்கிறது. வருடத்துக்கு இரண்டு பட்டை. மழைக்காலத்துக்கு வெளிர் பட்டை, வறண்ட காலத்துக்குக் கருமையான பட்டை. அப்பா கல்லைக் கொண்டுவருவார், நான் என் மாடலை அதோடு ஒப்பிடுவேன். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. என் கணக்கு தப்பு என்று சொல்ல முதன்முதலில் என் மேஜைக்கு வந்த ஆள் அவர். அப்புறம் போகவே இல்லை.

கடைசியாக அவர் கொண்டுவந்த கல் முழங்கை நீளம். ஆயிரத்து நூறு வருடம் அதில் இருந்தது. லேபில் கல் அறுக்கும் பெரியவரை நினைவிருக்கிறதா? அறுப்பதோடு நிற்காமல் மொக்கை ஜோக்கும் சொல்வார் என்று நீதான் அவருக்கு 'அறுவை மாமா' என்று பேர் வைத்தாய். அவர் கல்லை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மெருகேற்றிக் கொடுத்தார். மறு பாதியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். பட்டைகள் தெளிவாக இருந்தன. மழை கூடிய நூற்றாண்டு, குறைந்த நூற்றாண்டு எல்லாம் என் மாடலோடு கைகோத்துக்கொண்டு போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கல்லில் பழுப்புக் கோடுகள் இருந்தன. முடி கனம்தான். இருபத்து மூன்று. அப்பா உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க எண்ணினார். சாப்பாட்டு மேஜையில், "இருபத்து மூணு தடவை குகை முங்கியிருக்கு. வெள்ளத்தோட வந்த சேறு கல்லு மேல படிஞ்சு, அதுக்கு மேல கல்லு வளர்ந்திருக்கு" என்றார். நான் தட்டிலிருந்து தலை தூக்காமல், அதனாலென்ன, மழைக்காலத்தில் முங்கத்தானே செய்யும் என்றேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பதினாலு கோடு கருப்புப் பட்டைக்குள்ள இருக்கு" என்றார்.

வறண்ட காலத்துப் பட்டைக்குள். என் மாடல் அந்த மாதங்களில் ஒரு வெள்ளத்தைக்கூடக் காட்டவில்லை. ஏன் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. நூறு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே எண்ணைக் கொடுக்கும் மாடல் அது. ஒரு மூலையில் மூன்று மணி நேரம் கொட்டித் தீர்த்தாலும், மொத்தச் சதுரத்துக்கும் பங்குபோட்டுத் தூறல் என்றுதான் எழுதும். அன்றைக்கும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பேப்பர் அனுப்ப ஒன்பது நாள்தான் இருந்தது. எட்டு வருட வேலை. அந்த மாதம் அறுக்கும் இயந்திரத்தில் தண்ணீர் மாற்றவில்லை, கலங்கலாக இருந்தது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். கோடெல்லாம் ரம்பத்துச் சேறு, கல்லின் பிளவில் இறங்கியிருக்கிறது, அந்த இடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

அப்பா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கல்லு உன்னை மாதிரி படிக்கல, அதுக்குச் சமாளிக்கத் தெரியாது" என்று கேலி செய்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொண்டுவந்து வைத்து, "சரி, நீ சொன்னா சரி" என்றார். அந்த 'சரி' இந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் இருக்கிறது, அவர் செருப்பு வைத்த இடத்தில் இருக்கிறது.

அடுத்த வறண்ட காலத்தில்தான் அவர், குகையில் சொட்டுகளைப் பதிய வைத்திருந்த பெட்டிக்குப் பேட்டரி மாற்றக் கிளம்பினார். உனக்குப் பரீட்சை, சீக்கிரமே போய்விட்டாய். வாசலில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "மலைப்பக்கம் மேகம் கட்டியிருக்கே, போகலாமா?" என்று கேட்டார். நான் திரையைப் பார்த்தபடி, "உங்க குகைக்கு இந்த மாசத்துல வெள்ளம் கிடையாதுன்னு ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்கேன், போயிட்டு வாங்க" என்றேன். அவர் சிரித்த சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்கவில்லை.

இனி நான் உன்னிடம் சொன்ன இரண்டாவது பொய். வெள்ளம் வந்த வேகத்தில் அப்பாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்று உன்னைக் கட்டிக்கொண்டு சொன்னேன். மருத்துவர் என்னிடம் சொன்னது வேறு. அப்பா குகையின் மேல் அறையில், தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்திருக்கிறார். வழி மூடிக்கொண்டது. குளிர்தான்.

மீட்புக் குழு கொடுத்த பையில் அவர் கடிகாரம், தலைவிளக்கு, அளவு நாடா, அந்தப் பெட்டி நான்கும் இருந்தன. சோப்பு டப்பா அளவுப் பெட்டி. கல்லின் தலையில் உட்கார்ந்துகொண்டு, மூடியில் விழும் ஒவ்வொரு சொட்டையும் நேரத்தோடு எழுதிக்கொள்ளும். குகை வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீயும் இப்போது கற்றிருப்பாய். பெட்டியிடம் போனதும் மூடியை மூன்று முறை தட்டுவார்கள், வேலை முடித்துக் கிளம்பும்போதும் மூன்று. பின்னால் பதிவைப் படிக்கிறவர்களுக்கு இங்கே ஆள் வந்திருந்தான் என்று தெரிய. அப்பாவின் பதிவுகளைப் படிக்கிறவள் நான்தான். இருபது வருடமாக அந்த மூன்று தட்டுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். யாரோ கதவைத் தட்டுவது போல் இருக்கும்.

நான்கு மாதம் கழித்துத்தான் அந்தப் பதிவைத் திறந்தேன். பத்து நாற்பதுக்கு மூன்று தட்டு, வந்துவிட்டார். பதினொன்று ஐந்துக்கு மூன்று, கிளம்புகிறார். எட்டு நொடிக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில் அதற்கப்புறம் நொடிக்கு ஒன்று. பதினொன்று ஐம்பதுக்கு மறுபடியும் மூன்று தட்டு. திரும்பி வந்துவிட்டார். பன்னிரண்டு ஐம்பதுக்கு மூன்று. ஒன்று ஐம்பதுக்கு மூன்று. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறார், சொட்டு. அடுத்த நாள் காலை ஐந்து ஐம்பது வரை, மணிக்கு ஒரு முறை, பத்தொன்பது முறை. வெளியே யாருக்கும் கேட்காது என்று அவருக்குத் தெரியும். என்றைக்காவது நான் படிப்பேன் என்பதும் தெரியும். பத்தொன்பதாவது முறை இரண்டு தட்டுதான் தெளிவாக இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று பதிவாகியிருக்கிறது, அது தட்டா சொட்டா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலமெல்லாம் இந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறேன், அந்த ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதே எல்லாவற்றையும் வெளியே சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். இதைச் சாக்கு என்று எழுதவில்லை, காரணம் என்று எழுதுகிறேன்.

உன் செய்தி வந்த மறுநாள் அறுவை மாமாவிடம் போனேன். துணியில் சுற்றிவைத்த மறு பாதியை எடுக்கச் சொன்னேன். ரம்பம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், உளியை வைத்து ஒரு துண்டைப் பெயர்த்துக் காட்டுங்கள் என்றேன். ரம்பத்துச் சேறு என்றால் அறுத்த முகத்தில்தான் இருக்கும், உள்ளே இருக்காது. அவர் இரண்டு தட்டுத் தட்டினார். உடைந்த முகத்தில், எந்த ரம்பமும் தொடாத இடத்தில், பழுப்புக் கோடு நேராக ஓடியது. இன்னும் மூன்று இடத்தில் பெயர்த்தோம். எல்லாவற்றிலும் இருந்தது. அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே உடைச்சுப் பாத்திருக்கலாமேம்மா, அரைமணி நேர வேலைதானே" என்றார். எனக்குப் புரியாமல் இருக்குமா? அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார், பாவம்.

இப்போது ஒழுங்காக எண்ணியிருக்கிறேன். வறண்ட காலத்துக் கோடு பதினாலில் ஒன்பது கடைசி நூற்றிருபது வருடத்தில் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை இல்லை, ஏறக்குறைய பதின்மூன்று வருடத்துக்கு ஒருமுறை. மேலே போகப்போக நெருங்கி வருகின்றன. நீங்கள் போகிற குகை இதே மலைத்தொடரின் மறுகோடி, என் மாடலில் அதே சதுரம். பட்டியல் தப்பு, மாடல் தப்பு, கல் மட்டும்தான் சரி என்று, அந்தப் பேப்பரை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். என் பேர் கெடும். கெடட்டும். உன் புரொஃபசருக்கு எழுதியது இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, கோடுகளின் படத்தோடு. நீயே உன் கையால் கொடு. அவர் தேதியை மாற்றவில்லை என்றால், மற்றவர்களிடமும் சொல்லிவிட்டு நீ வெளியே நில். பிடிவாதத்தில் நீ என்னைக் கொண்டிருக்கிறாய், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நிதானத்தில் அப்பாவைக் கொண்டிரு.

என்னை மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அது உன் வேலை, நான் சொல்லி வாங்குவது இல்லை என்று அடித்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும். என்னோடு பேசப் பிடிக்காமல் போகும். பேச வேண்டாம், மாதக்கணக்கானாலும் பரவாயில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் எண்ணுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மூன்று முறை தட்டிவிட்டு வைத்துவிடு. நீ உள்ளே போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன். மூன்றையும் தெளிவாகத் தட்டு, கண்ணே. என்னைச் சந்தேகத்தில் விடாதே.

நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா